கல் தரை: நாமே போடலாமா, ஆள் வைக்கலாமா?

தரைக்குக் கல் பதிப்பது பற்றி இந்த முறை கேள்விகள் குவிந்துவிட்டன. கூலி கொடுத்து ஆள் வைப்பதா, நாமே இறங்கிவிடுவதா என்பதுதான் முக்கால்வாசிப் பேரின் குழப்பம். அதனால் இந்தப் பகுதி முழுக்க அதற்கே. பெயிண்ட், கதவு, கரையான் என்று கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் முறையும் வரும்.

கேள்வி: எங்கள் படுக்கையறை 12க்கு 11 அடி. 2 அடிக்கு 2 அடி கிரானைட் வாங்கி வைத்துவிட்டோம், 18 மி.மீ. கனம். டைல்ஸ் போடுபவர் கேட்கும் கூலி கல்லின் விலையைத் தொடுகிறது. என் மச்சினரோ "வீடியோ பார்த்தா போதும், ரெண்டு ஞாயிற்றுக்கிழமையில முடிச்சிடலாம்" என்கிறார். முடியுமா சார்?

பதில்: மச்சினர் அந்தக் கல்லில் ஒன்றையாவது தூக்கிப் பார்த்தாரா என்று முதலில் கேளுங்கள். நீங்கள் சொல்லும் அளவில் ஒரு கல் 17, 18 கிலோ வரும். அறை முழுக்கப் போட்டால் கல் மட்டும் கிட்டத்தட்ட 600 கிலோ. தூக்கிக்கொண்டு வருவது பெரிய விஷயமில்லை, இரண்டு பேர் சேர்ந்தால் வந்துவிடும். ஈரப் பசையின் மேல், பக்கத்துக் கல்லின் விளிம்பு உடையாமல், விரலும் நசுங்காமல், மட்டமாக இறக்கி வைப்பதில்தான் சிக்கல். அப்படி இறக்கி வைத்த பிறகு ஒரு மூலை 2 மி.மீ. தாழ்ந்து நின்றால், அதே கல்லைத் திரும்பக் கிளப்பி, அடியில் கலவை சேர்த்து, மறுபடி இறக்க வேண்டும். முதல் நாள் சாயங்காலத்துக்குள் இடுப்பு பேச ஆரம்பித்துவிடும்.

சரி, பலம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது அடித்தளம். 10 அடி நீளமான நேரான அலுமினியக் குழாய் ஒன்றை வாங்கி, தரையில் எல்லாத் திசையிலும் கிடத்திப் பாருங்கள். குழாய்க்கும் தரைக்கும் நடுவில் எங்கேயாவது 3 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரிந்தால், அந்தத் தரை இவ்வளவு பெரிய கல்லைப் பசையில் ஒட்டத் தயாராக இல்லை. தரை ஒரு பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருந்தாலும் சமாளிக்கலாம், குண்டும் குழியுமாக இருந்தால் முடியாது. கல் பெரிதாகப் பெரிதாக இந்தக் கணக்கு கறாராகிக்கொண்டே போகும்.

கல் போட இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பழைய வழி: ஒன்றரை, இரண்டு இஞ்ச் கனத்துக்கு மணல் சிமெண்ட் கலவையைப் பரப்பி, சிமெண்ட் பால் ஊற்றி, கல்லை வைத்து ரப்பர் சுத்தியால் தட்டித் தட்டி மட்டம் பிடிப்பது. இந்த வழியில் தரையின் மேடு பள்ளம் எல்லாம் கலவைக்குள் மறைந்துவிடும். ஆனால் கலவையில் எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும், எந்த இடத்தில் எத்தனை தட்டு தட்ட வேண்டும் என்பதெல்லாம் கைப்பழக்கம், அதை எந்த வீடியோவும் சொல்லித் தராது. இன்னொன்று, பையில் வரும் டைல் பசையைப் பல் வைத்த கரண்டியால் இழுத்து ஒட்டுவது. இதில் கைத்திறமை குறைவாக இருந்தாலும் ஓரளவு ஒப்பேற்றிவிடலாம், ஆனால் தரை சமமாக இருக்க வேண்டும், கல்லும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். உங்கள் 18 மி.மீ. கல்லை நாலைந்து எடுத்துச் சமமான ஒரு மேஜைமேல் பக்கம் பக்கமாக வைத்து விரலால் தடவிப் பாருங்கள். அறுத்துப் பாலிஷ் போட்ட கல்லில் ஒன்றுக்கொன்று 1, 2 மி.மீ. வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். அந்த வித்தியாசத்தை விழுங்கப் பழைய வழிதான் தோது. பழைய வழிக்குப் பழகிய கை வேண்டும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில், ஆள் வையுங்கள். இதே அறைக்கு 1 அடிக்கு 1 அடி, 10 மி.மீ. கனத்தில் இயந்திரத்தில் ஒரே அளவாகத் தேய்த்த கல் வாங்கியிருந்தால் "தாராளமாக இறங்குங்கள்" என்று எழுதியிருப்பேன். அந்தக் கல் ஒன்று இரண்டரைக் கிலோதான். கூலி அதிகம் என்று தோன்றுவது நியாயம்தான், ஆனால் கல்லின் விலை ஏறினால் கூலியில் மிச்சம் பிடிக்கும் ஆசையைக் குறைத்துக்கொள்ள வேண்டும், நம்மில் பலர் இதை நேர்மாறாகச் செய்கிறோம்.

கேள்வி: சின்ன அறை, தண்ணீர் புழங்காத இடம், 1 அடிக் கல், 10 மி.மீ. நானே போடுவதென்று முடிவு செய்துவிட்டேன். "வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: சொல்லவில்லை. பழகுவதற்கு இதைவிட நல்ல அறை கிடைக்காது.

சுவரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், எந்தச் சுவரும் நேராக இருக்காது. அறையின் நடுவில் நூல் பிடித்து ஒரு கோடு போடுங்கள், அதற்குக் குறுக்கே இன்னொன்று. இரண்டும் சரியான மூலை மட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க, சந்திக்கும் இடத்திலிருந்து ஒரு கோட்டில் 3 அடி, மற்றதில் 4 அடி அளந்து குறியுங்கள். குறிகளுக்கு நடுவில் சரியாக 5 அடி வர வேண்டும். வராவிட்டால் கோட்டைத் திருத்துங்கள், மனசைத் தேற்றிக்கொண்டு அப்படியே மேலே போகாதீர்கள்.

அப்புறம் பசை இல்லாமல் கல்லை அறை முழுக்கப் பரப்பிப் பாருங்கள். இதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் பின்னால் வருந்துகிறார்கள். இயற்கைக் கல்லில் பெட்டிக்குப் பெட்டி நிறம் மாறும், ஒரே பெட்டிக்குள்ளேயே ரேகை மாறும். நாலைந்து பெட்டிகளைப் பிரித்துக் கலந்து போடுங்கள். கறை, விரிசல் இருப்பதை ஓரத்தில் வெட்டுத் துண்டுக்கு ஒதுக்குங்கள். வாசலில் நிற்பவர் கண்ணுக்கு முழுக் கல் தெரிய வேண்டும். எதிர்ச் சுவரோரம் 2 இஞ்ச் பட்டை வரும்போல் இருந்தால் நடுக்கோட்டை அரைக் கல் தள்ளி வையுங்கள், இரண்டு பக்கமும் கண்ணியமான அளவில் துண்டு கிடைக்கும். வாங்கும்போதே நேர்வரிசைக்கு 10 சதவீதம், மூலைவாட்டில் போடுவதானால் 15 சதவீதம் கூடுதலாக வாங்கியிருக்க வேண்டும், பிறகு போனால் அதே நிறம் கிடைக்கும் என்று எந்தக் கடைக்காரராலும் உத்தரவாதம் தர முடியாது.

பசையைத் தண்ணீரில் கலக்கி, பையில் போட்டிருக்கும்படி 5, 10 நிமிடம் சும்மா விட்டு, திரும்ப ஒரு தடவை கலக்குங்கள். கரண்டியால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்க வேண்டும், அதுதான் பதம். அது இறுக ஆரம்பித்த பிறகு தண்ணீர் விட்டு இளக்கக் கூடாது, கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். ஒரே சமயத்தில் அரை அறைக்கு இழுத்துவிடாதீர்கள். 15, 20 நிமிடத்தில் எத்தனை கல் வைக்க முடியுமோ அவ்வளவுக்கு மட்டும் போதும். சந்தேகமாக இருந்தால் பசையை விரலால் தொட்டுப் பாருங்கள், விரலில் ஒட்டாவிட்டால் மேலே ஏடு கட்டிவிட்டது என்று அர்த்தம், சுரண்டி எடுத்துவிட வேண்டியதுதான்.

பல் கரண்டியால் வட்டம் வட்டமாகச் சுழற்றாமல், ஒரே திசையில் நேர்க்கோடாக இழுங்கள். சுழற்றினால் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கல்லின் முதுகிலும் மெல்லியதாக ஒரு பூச்சு இழுத்து, கோட்டுக்குக் குறுக்கே முன்னும் பின்னும் அசைத்து அழுத்தினால் கோடுகள் சரிந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். ஆரம்பத்தில் மூன்று நாலு கல்லுக்கு ஒரு தடவை ஒன்றைக் கிளப்பி முதுகைப் பாருங்கள். பசை படாத இடம் வெறுமையாகத் தெரிந்தால் கரண்டியின் பல் சிறிது, பெரிய பல் எடுங்கள்.

சுவரோரம் 6 மி.மீ. இடைவெளி விட்டுவிடுங்கள், சுவரின் அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும். கல்லும் தளமும் வெயிலுக்குக் குளிருக்கு விரிந்து சுருங்கும், அதற்கு இடமில்லாவிட்டால் ஒரு நாள் நடு அறையில் கூடாரம்போல் கிளம்பி நிற்கும். வாசலுக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பித்து வாசலை நோக்கிப் பின்வாங்கி வாருங்கள். சிரிக்காதீர்கள், மூலையில் மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தவர்கள் உண்டு. கையுறை போடுங்கள், ஈர சிமெண்ட் தோலைப் புண்ணாக்கும், முதலில் வலிக்காது, வலிக்கும்போது புண் ஆகியிருக்கும். முட்டிக்கு முட்டிப்பட்டை. 24 மணி நேரம் யாரையும் மிதிக்க விடாமல் பூட்டி வைத்துவிட்டுப் பிறகு கிரவுட், அதாவது கல்லுக்குக் கல் இணைப்பை நிரப்பும் கலவை, போடுங்கள்.

கேள்வி: குளியலறைக்கு வெள்ளை மார்பிள் போட ஆசை. சின்ன இடம்தானே, நானே செய்துவிடலாமா?

பதில்: கூடாது. இடம் சின்னதாக இருப்பதால் வேலை சுலபமாகிவிடாது, குளியலறையில் அது தலைகீழ். கல்லுக்கு அடியில் நீர்க்காப்புப் பூச்சு வேண்டும், அது காய்ந்ததும் தண்ணீர்ப் போக்கியை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் கட்டி வைத்துக் கசிவு பார்க்க வேண்டும். அப்புறம் வாட்டம்: அடிக்குக் கால் இஞ்ச் வீதம் தண்ணீர் ஓடும் பக்கம் சரிய வேண்டும், நாலு பக்கத்திலிருந்தும் ஒரே ஓட்டையை நோக்கி. பெரிய கல்லை அப்படிச் சரிக்க முடியாது, மூலைவாட்டில் வெட்டித்தான் மடக்க வேண்டும். இதில் ஒரு இடத்தில் பிசகினாலும் கீழ்வீட்டுக்காரர் உங்களைத் தேடி வருவார்.

மார்பிளே குளியலறைக்கு வேண்டுமா என்றும் யோசியுங்கள். அது சுண்ணாம்பு வகை. கழிப்பறை ஆசிட் ஒரு சொட்டுப் பட்டால் அந்த இடம் பளபளப்பு இழந்து வெளிறிப்போகும், துடைத்தால் போகிற கறை அல்ல, கல்லே அரிக்கப்பட்டிருக்கும். சிலவகை வெள்ளை மார்பிளில் இரும்புச் சத்து உண்டு, ஈரம் தங்கத் தங்க மஞ்சள் பூக்கும். கிரானைட்டுக்கு இந்த வம்பு குறைவு, அதிலும் சொரசொரப்பாக முடித்ததை வாங்குங்கள்.

கேள்வி: ஆள் வைத்தே வேலை நடக்கிறது. அவர் கல்லுக்கு அடியில் நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று என்று ஐந்து உருண்டை பசை வைத்து அழுத்துகிறார். கேட்டால் "இருபது வருஷமா இப்படித்தான் போடறேன்" என்கிறார். சரியா?

பதில்: சரியில்லை. அவர் பொய் சொல்லவில்லை, இருபது வருடமாக அப்படித்தான் போட்டிருப்பார், அந்தத் தரைகளைத் திரும்பப் போய்த் தட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

ஏன் அப்படிச் செய்கிறார் என்றால், தரை சமமாக இல்லை. உருண்டையை அழுத்தும் அளவைக் கூட்டிக் குறைத்து மட்டம் பிடித்துவிடலாம், தரையைச் சரிசெய்யும் ஒரு நாள் வேலை மிச்சம். ஆனால் உருண்டைகளுக்கு நடுவில் வெறும் காற்றுதான் இருக்கும். பீங்கான் டைல்ஸுக்கு உலர்ந்த அறையில் முதுகில் 80 சதவீதம் பசை பட்டிருக்க வேண்டும் என்பது தொழில்முறைக் கணக்கு, இயற்கைக் கல்லுக்கு 95. ஐந்து உருண்டையில் அது பாதியைத் தாண்டுவதே கஷ்டம். பீரோவின் கால் வெற்றிடத்தின் மேல் வந்தால் விரிசல் விடும், கனமான பாத்திரம் விழுந்தால் மூலை தெறிக்கும், துடைக்கும் தண்ணீர் இணைப்பு வழியே இறங்கி அங்கேயே தேங்கி, சிமெண்டின் உப்பைக் கரைத்துக்கொண்டு வெள்ளைப் பூவாக மேலே வரும். வெளிர்நிற மார்பிளாக இருந்தால் இன்னும் கொடுமை, ஐந்து உருண்டையும் ஐந்து நிழலாகக் கல்லின் வழியே தெரியும்.

சண்டை போடாமல் சொல்ல ஒரு வழி இருக்கிறது. அடுத்த கல்லை அவர் வைத்து ஐந்து நிமிடத்துக்குள், "அண்ணே, ஒரே ஒரு கல்லைக் கிளப்பிக் காட்டுங்களேன்" என்று கேளுங்கள். முதுகை இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். பார்த்த பிறகு பேச்சு சுலபம். தரையைச் சரிசெய்யும் நாளுக்குத் தனிக் கூலி தருகிறேன் என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள், பெரும்பாலும் தடை அங்கேதான் இருக்கிறது. ஏற்கெனவே போட்டு இறுகிவிட்ட கற்களை ஒரு மரப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள், கெட்டியான சத்தத்துக்கு நடுவே டொக்கென்று வெற்றுச் சத்தம் வரும் கல்லில் சாக்குக்கட்டியால் குறியிட்டு, எவ்வளவு தேறுகிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கேள்வி: வாங்கிய பச்சை மார்பிளின் பின்பக்கம் வலை மாதிரி ஒன்று ஒட்டியிருக்கிறது. உரித்துவிட்டு ஒட்டலாமா?

பதில்: உரிக்காதீர்கள், அந்த வலைதான் கல்லை உடையாமல் தாங்குகிறது. ஆனால் அதன்மேல் பூசிய பிசினில் சாதாரண சிமெண்ட் பசை சரியாகப் பிடிக்காது. பச்சை மார்பிளுக்கு வேறு ஒரு குணமும் உண்டு, பல வகைகள் தண்ணீர் பட்டால் வளையும். ஒட்டிய மறுநாள் காலையில் மூலைகள் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் சிமெண்ட் இல்லாத பிசின் வகையான எபாக்ஸி பசைதான் மருந்து. அது சட்டென்று இறுகும், கல்லின் மேல்பக்கம் பட்டால் எடுப்பது பெரும்பாடு. முதல் முறை கல் ஒட்டுகிறவர் எபாக்ஸியில் கை வைப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். ஆள் வைத்தாலும் "பச்சை மார்பிள், பின்னால் வலை" என்று முன்கூட்டியே சொல்லி, எந்தப் பசை வாங்குகிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நல்ல ஆள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாரும் செல்போனில் அழகான படம்தான் காட்டுகிறார்கள்.

பதில்: படத்தில் எந்தத் தரையும் அழகு. போட்டு இரண்டு வருடம் ஆன தரை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். போனதும் நடுக்கூடத்தைப் பார்த்து மயங்காமல், கதவு நிலையோரம், தூணைச் சுற்றி, மாடிப்படி ஆரம்பிக்கும் இடம் என்று வெட்டு விழும் இடங்களைப் பாருங்கள். செல்போன் டார்ச்சைத் தரையோடு தரையாக வைத்து அடித்தால், ஒரு கல்லைவிட அடுத்த கல் 1 மி.மீ. உயர்ந்திருந்தாலும் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். வெறுங்காலோடு நடந்து பாருங்கள், கால் கண்ணைவிட நன்றாகக் கண்டுபிடிக்கும்.

பிறகு இரண்டு கேள்வி. "இந்தக் கல்லுக்கு என்ன பசை போடுவீங்க?" எல்லாக் கல்லுக்கும் ஒரே பசை என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். வெள்ளை மார்பிள் என்றால் வெள்ளைப் பசை, சாம்பல் பசை நிழலடிக்கும் என்று அவராகவே சொன்னால் உட்கார்ந்து பேசலாம். "சுவரோரமும் நடுவிலும் விரிவுக்கு இடைவெளி எங்கே விடுவீங்க?" வீட்டுக்குள் 20, 25 அடிக்கு ஒரு விரிவு இணைப்பு வேண்டும், வெயில் நேரடியாக விழும் இடத்தில் 8 முதல் 12 அடிக்கு ஒன்று. "இடைவெளியே தெரியாமப் போட்டுத் தரேன்" என்று பெருமையாகச் சொல்பவரிடம் ஜாக்கிரதை.

முக்கியமான ஒன்று, பேசுகிறவர்தான் முட்டி போட்டு உட்கார்ந்து கல் வைக்கப் போகிறாரா? பேசுபவர் ஒருவர், வருகிறவர்கள் நேற்று சேர்ந்த இரண்டு பையன்கள் என்பது இந்தத் தொழிலில் ரொம்ப சகஜம். பையன்கள் பழகட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை, உங்கள் கூடத்தில் வேண்டாம்.

தொகையைப் பேசும்போது எதெல்லாம் சேர்த்தி என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய தரையை உடைப்பது, குப்பை அள்ளுவது, தளம் சமப்படுத்துவது, ஸ்கர்ட்டிங், கிரவுட், போட்ட பிறகு தேய்த்துப் பாலிஷ் செய்வது, உடைந்த கல் யார் கணக்கு. சதுர அடிக் கணக்கு என்றால் கல்லை அளக்கிறாரா, அறையை அளக்கிறாரா என்றும் கேட்டுவிடுங்கள். கடைசித் தவணையைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தருவதாக ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் மனஸ்தாபம் வராது.

கேள்வி: முழுக்க நானே செய்ய தைரியமில்லை, முழுக்கக் கூலி கொடுக்கவும் மனசில்லை. பாதிப் பாதி முடியாதா?

பதில்: முடியும், எனக்குப் பிடித்த வழியும் அதுதான், கல்லை வைக்கும் அந்த வேலையை மட்டும் பழகியவரிடம் விட்டுவிட்டு அதற்கு முன்னும் பின்னும் வருவதை நீங்கள் எடுத்துக்கொள்வது. பழைய ஸ்கர்ட்டிங்கைப் பெயர்ப்பது, பழைய டைல்ஸை உடைத்துக் குப்பை அகற்றுவது, ஒட்டியிருக்கும் பசை, பெயிண்ட் எல்லாம் சுரண்டித் தளத்தைச் சுத்தமாக்குவது, இதெல்லாம் வியர்வை வேலை, கைத்திறமை வேண்டாம். புதிதாகப் போட்ட கான்கிரீட் என்றால் 28 நாள் கழிய விடுங்கள். ஈரம் ஏறுகிறதா என்று பார்க்க, ஒன்றரை அடிச் சதுரத்துக்குக் கனமான பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பிறகு பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளி இருந்தாலோ தரை கருத்திருந்தாலோ கல் போடும் பேச்சை நிறுத்திவிட்டு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும்.

கல்லைப் பிரித்து, ரேகை பார்த்து, உலர்வாகப் பரப்பி, பின்பக்கம் எண் போட்டு அடுக்குவதையும் நீங்களே செய்யுங்கள். வேலை செய்பவருக்கு இது நேரம் விழுங்கும் சமாசாரம், உங்கள் கண்ணுக்கு எது அழகு என்று அவருக்கு எப்படித் தெரியும்? கடைசியில் சுத்தம் செய்வது, கல்லில் கறை இறங்காமல் தடுக்கும் சீலர் பூசுவது உங்கள் பங்கு. ஆனால் கூலி பேசுவதற்கு முன்பே இந்தப் பங்கீட்டைச் சொல்லிவிடுங்கள். பேசி முடித்தபின் "இதை நான் செஞ்சுட்டேன், குறைச்சுக்கோங்க" என்றால் யாரும் குறைக்க மாட்டார்கள். தளம் சமப்படுத்துவதை மட்டும் அவரிடமே விடலாம், இல்லாவிட்டால் நாளைக்கு ஒரு கல் ஆடினால் அவர் தளத்தைக் கைகாட்டுவார், நீங்கள் அவரைக் கைகாட்டுவீர்கள்.

கேள்வி: கல்லை வீட்டுக்குள்ளேயே கட்டிங் மெஷினில் அறுக்கிறார்கள், வீடே புகைமூட்டம். குழந்தை இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: வேண்டும். கிரானைட், ஸ்லேட், மணற்கல்லில் சிலிக்கா இருக்கிறது. அறுக்கும்போது பறக்கும் கண்ணுக்குத் தெரியாத தூள் நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது, தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு சிலிக்கோசிஸ் வரும், அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. சிலிக்கா மிக அதிகமாக உள்ள செயற்கைக் கல்லை இந்தக் காரணத்துக்காகவே ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடைசெய்துவிட்டது. உங்களுக்கு ஒரு நாள் புகை, அந்தத் தொழிலாளிக்கு ஆயுள் முழுக்க. தண்ணீர் விட்டு அறுக்கும் மெஷினைக் கேளுங்கள், வெளியில் வைத்து அறுக்கச் சொல்லுங்கள். முகத்தில் கைக்குட்டை கட்டுவது பிரயோஜனமில்லை, என்95 அல்லது அதற்கு மேற்பட்ட முகக்கவசத்தை நீங்களே வாங்கி அவரிடம் கொடுங்கள். பிறகு பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். நானே போடுகிறேன் என்பவர்களுக்கும் இதே விதிதான், குழந்தையை அன்றைக்கு வேறு வீட்டில் விடுங்கள்.

கேள்வி: பழைய டைல்ஸ் மேலேயே கல் ஒட்டலாமா? உடைக்கும் செலவு மிச்சமாகுமே.

பதில்: பழையது எல்லாம் கெட்டியாக ஒட்டியிருந்து, வெற்றுச் சத்தம் இல்லாமல், சமமாகவும் இருந்தால், மேல்பரப்பைச் சொரசொரப்பாக்கி அதற்கென்றுள்ள பசையில் ஒட்டலாம். ஆனால் 18 மி.மீ. கல்லும் பசையும் சேர்ந்தால் தரை ஒரு இஞ்ச் உயரும், எல்லாக் கதவையும் அடியில் சீவ வேண்டும், குளியலறை வாசல் படி காணாமல் போகும். மாடியாக இருந்தால் அந்த எடையைத் தளம் தாங்குமா என்பதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். எனக்கென்னவோ உடைத்துவிடுவதே நிம்மதி.

கேள்வி: மரச்சட்டத்தின் மேல் பலகை போட்ட தளம். அதன்மேல் கல் நிற்குமா?

பதில்: நிற்கும், தளம் வளையாவிட்டால். பீங்கானுக்கு அனுமதிக்கும் தொய்வில் பாதியைத்தான் இயற்கைக் கல்லுக்கு அனுமதிப்பார்கள், நீளத்தில் 720இல் ஒரு பங்கு. 12 அடி நீளச் சட்டம் என்றால் பாரம் ஏறும்போது 5 மி.மீ.க்கு மேல் தொய்யக் கூடாது. குதித்துப் பார்த்துச் சொல்லும் விஷயம் இல்லை இது. நீங்களும் முடிவு செய்ய வேண்டாம், டைல்ஸ் போடுபவரும் முடிவு செய்ய வேண்டாம், கணக்குப் போடத் தெரிந்த பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கல் போட்டாகிவிட்டது, நன்றாக வந்திருக்கிறது. சீலர் அடிக்க ஆள் வேண்டுமா? கிரவுட்டுக்கு முன்பா, பின்பா?

பதில்: ஆள் வேண்டாம், துணியால் துடைக்கத் தெரிந்தால் போதும். முதலில் வேண்டுமா என்று பாருங்கள்: கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். அந்த இடம் கருத்தால் கல் உறிஞ்சுகிறது, சீலர் தேவை. பாலிஷ் செய்த கிரானைட்டில் பல வகைகளில் கருக்கவே கருக்காது, அதற்கு வீண் செலவு செய்யாதீர்கள். உறிஞ்சும் கல் என்றால் கிரவுட் போடுவதற்கு முன் ஒரு முறை பூசுங்கள், இல்லாவிட்டால் கிரவுட்டின் சாயம் கல்லுக்குள் இறங்கி ஓரம் கருப்படிக்கும். கிரவுட் காய்ந்த பிறகு இன்னொரு முறை. பூசிய சீலரைக் கல் குடித்தது போக மிச்சத்தைக் காய்வதற்குள் துடைத்து எடுத்துவிடுங்கள், விட்டால் பிசுபிசுவென்று படலம் நிற்கும். சீலர் கறையைத்தான் தடுக்கும், மார்பிளில் ஆசிட் அரிப்பைத் தடுக்காது. பாலிஷ் மார்பிளுக்கு மணல் கலக்காத கிரவுட்டாக வாங்குங்கள், மணல் உள்ளது தேய்க்கும்போது கீறிவிடும். இணைப்பு 3 மி.மீ.க்குக் குறைவாக இருந்தாலும் அதேதான்.